கழுகு பார்வையிடல்

முகாமுக்கு வரும் அலுவலர் தமது உணவு, தங்குமிடம், இதர தேவைகள் அனைத்துக்கும் தாமே செலவு செய்துகொள்ள வேண்டும். கீழ்நிலைப் பணியாளர் எவரும் அவருக்காக எவ்வித ஏற்பாடும் செய்தல் கூடாது. எங்கள் துறையின் கையேட்டில் இது தடித்த எழுத்தில் இருந்தது. இந்த விதியை யாரும் மீறியதாக ஒரு கோப்பைக்கூட என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. யாரும் பின்பற்றியும் பார்த்ததில்லை, ஒரே ஒரு தடவை தவிர. எந்தத் துறை என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றத் துறைகளெல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும்.

எழுபதுகளின் கடைசியில் நான் சங்கரன்கோவிலில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது அங்கே கண்காணிப்பாளராக இருந்தவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயர் வேண்டாம். அலுவலகத்திலும் கடைத்தெருவிலும் அவர் சூப்ரண்டு அண்ணாச்சி. ஒல்லி, நெற்றியில் திருநீறு, காலர் அழுக்காகாமல் கழுத்துக்குள் மடித்து வைத்த கைக்குட்டை. மேலதிகாரி முன்னால் நிற்கும்போது இடது கையால் வலது முழங்கையைப் பிடித்துக்கொள்வார். ‘இல்லை’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. எது கேட்டாலும், கேட்டு முடிக்கும் முன்பே, “அதுக்கென்ன, செஞ்சிருவோம்.”

ஓர் அதிகாரி குடும்பத்தோடு வந்து பயணியர் விடுதியில் தங்கினார். அவருடைய மாமியார் வடக்கே தலை வைத்துப் படுக்கமாட்டார். அந்த அறையிலோ கட்டிலை வேறு எப்படிப் போட்டாலும் கதவு திறக்காது. அண்ணாச்சி கட்டிலைத் தொடவேயில்லை. விடுதிக் காவலாளியிடம், “அந்தம்மா கேட்டா அது கிழக்குன்னு சொல்லிரும் வே” என்றார். மறுநாள் காலை வெயில் தவறான ஜன்னல் வழியாக வந்தது. மாமியார் விசாரித்தார். “மார்கழியில இங்கன சூரியன் கொஞ்சம் சாஞ்சுதாம்மா வரும்” என்று அண்ணாச்சி கைகட்டிச் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்த அம்மாள் சூரியனைச் சந்தேகப்பட்டாரே ஒழிய அண்ணாச்சியைச் சந்தேகப்படவில்லை.

இன்னொன்று சைக்கிள். இருப்புப் பதிவேட்டின்படி அலுவலகத்துக்கு இரண்டு சைக்கிள்கள். கண்ணால் பார்க்கக்கூடியது ஒன்று. தணிக்கை வந்தபோது அதை முன்வாசலில் காட்டி, தணிக்கையாளர் காப்பி குடிக்கும் நேரத்தில் எண்ணை மாற்றி எழுதிப் பின்வாசலில் இன்னொரு தடவை காட்டினோம். தணிக்கையாளர் எண்ணைத் தொட்டுப் பார்த்தார். விரலில் பெயிண்ட் ஒட்டியது. விரலைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார், மை ஒற்றும் தாளில் துடைத்துவிட்டு ‘இருப்பு சரி’ என்று எழுதினார்.

இதையெல்லாம் படித்துவிட்டு அவரைத் தில்லுமுல்லுக்காரர் என்று நினைத்தால் தவறு. தமக்கென்று அவர் ஒன்றும் செய்துகொண்டதில்லை. கீழே இருப்பவர்களுக்கும் அவர் ‘இல்லை’ சொன்னதில்லை என்பதுதான் விஷயம். நான் வந்த வருடமே எனக்கு டைபாய்டு. வாடகை அறையில் தனியாகக் கிடந்தேன். காலையில் கஞ்சித் தூக்குவாளியோடு வருவார், நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், “லீவுலாம் போட வேண்டாம் வே, அதைப் பாத்துக்கிடுவோம்” என்பார். வருகைப் பதிவேட்டின்படி எனக்கு அந்தக் காய்ச்சல் வரவே இல்லை.

அவரால் ‘செஞ்சிருவோம்’ என்று சொல்ல முடியாத இடம் ஒன்றுதான் இருந்தது. அவருடைய வீடு. ஒரே மகள், எட்டு வயது, பிறவியிலேயே காது கேட்காது. பாளையங்கோட்டையில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றில் விடுதியில் சேர்த்திருந்தார். பகலில் வகுப்பில் நன்றாகத்தான் இருந்தாள். உதட்டைப் பார்த்துச் சில சொற்களைப் பிடிக்கக்கூடக் கற்றுக்கொண்டுவிட்டாள். இரவில் விடுதியில் சாப்பிட மறுத்தாள். அரையாண்டு விடுமுறைக்கு வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தாள்; திரும்பிப் போகமாட்டேன் என்று வீட்டுத் தூணைக் கட்டிக்கொண்டாள். பெற்றோர் பாளையங்கோட்டைக்கே குடிவந்துவிட்டால் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரலாம், ஜூன் முடியும் வரை அவள் இடத்தை வைத்திருக்கிறேன், அதற்கு மேல் காத்திருக்கும் இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்தாக வேண்டும் என்று தலைமையாசிரியை நியாயமாகச் சொல்லியிருந்தார். அண்ணாச்சிக்குத் தேவைப்பட்டது மாறுதல். மாறுதல் ஆணை போடுவது சென்னை. மனு போக வேண்டியது உரிய வழியாக, அதாவது திருநெல்வேலியில் இருந்த எங்கள் மாவட்ட அதிகாரியின் பரிந்துரையோடு.

அந்த அதிகாரி புதிதாக வந்திருந்தார். சென்னைக்காரர், அதிகம் பேசாதவர், பறவை பார்க்கிற பைத்தியம் உண்டு என்பதற்கு மேல் எங்களுக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. மார்கழியில் சங்கரன்கோவிலுக்கு முகாம் வருவதாகக் கடிதம் வந்தது. டைப் அடித்த கடிதத்தின் அடியில் கையால் ஒரு வரி: ‘கரிவலம் போகும் வழியில் கரிசலில் பெரிய கழுகு ஒன்று தென்படுவதாக நண்பர் எழுதுகிறார். நேரமிருந்தால் பார்க்கலாம்.’

நேரமிருந்தால், பார்க்கலாம். தமிழ் தெரிந்த எவருக்கும் இதன் பொருள் விளங்கும். ஆனால் நாங்கள் அலுவலகத் தமிழ் தெரிந்தவர்கள். மேலிடத்துக் கடிதத்தில் ‘லாம்’ என்று வந்தால் ‘வேண்டும்’ என்று வாசிக்கப் பழகியிருந்தோம். அண்ணாச்சி சொல்லச் சொல்ல முகாம் நிகழ்ச்சி நிரலை நான்தான் டைப் அடித்தேன். முற்பகல், கோப்புகள் ஆய்வு. பிற்பகல், பணியாளர் குறைகேட்பு. மாலை, கழுகு பார்வையிடல். நிரலில் ஏறிவிட்ட ஓர் இனம் நடக்காமல் போவது என்பது எங்கள் அலுவலக வரலாற்றில் இல்லை.

“கழுகு வரலைன்னா?” என்று கேட்டேன்.

“வராம எங்கன போவும்? செஞ்சிருவோம்.”

“கழுகுக்கு டி.ஏ. உண்டா அண்ணாச்சி?” என்றார் பியூன்.

“ஏலே, சும்மா கெட.”

எல்லோரும் சிரித்தோம். அண்ணாச்சி சிரிக்கவில்லை. அந்த அதிகாரி மனம் குளிர்ந்து திரும்பினால் மனுவில் நாலு நல்ல வார்த்தை எழுதுவார் என்று அவர் கணக்குப் போட்டுவிட்டது எங்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததனால் யாரும் தடுக்கவில்லை. அந்தப் பிள்ளைக்காக அவர் எதைச் செய்தாலும் சரி என்றுதான் எங்களுக்குத் தோன்றியது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கூடாரம் போட்டிருந்த பறவை பிடிக்கிறவர் ஒருவரை அண்ணாச்சி போய்ப் பார்த்தார். அவருடைய கண்ணியில் விழுந்த முயலைத் தூக்க வந்து தானும் மாட்டிக்கொண்ட பெரிய பழுப்புப் பருந்து ஒன்று கூடாரத்தில் இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அந்த மனிதர் யோசித்துவிட்டு, “எத்தனை நாளைக்கு வேணும் சாமி?” என்றார். இப்படிப் பறவைகளைப் பிடிப்பது குற்றம் என்று சட்டம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அதன் நகல் எங்கள் அலுவலகத்துக்கும் வந்தது. எல்லோரும் ‘பார்த்தேன்’ என்று கையெழுத்திட்டுக் கோப்பில் வைத்திருந்தோம்.

அதிகாரி வந்தார். காலையில் கோப்புகளைப் பார்த்தார். அண்ணாச்சி தம் மனுவை மற்றத் தபால்களுக்கு நடுவில் வைத்து நீட்டிவிட்டு, முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாலையில் ஜீப் கிளம்பியது. “நான் மட்டும் போறேனே, நீங்க எதுக்கு?” என்றார் அதிகாரி. அண்ணாச்சியும் நானும் ஏறிக்கொண்டோம்.

அந்த அரைமணி நேரத்தை என்னால் மறக்க முடியாது, அது நன்றாக இருந்ததனால். ஊரைத் தாண்டியதும் அவர் வேறு ஆளாகிவிட்டார். ஜீப்பை நிறுத்தி இறங்கிப் பைனாகுலரை என் கையில் கொடுத்தார். பருத்திச் செடிகளின் தலையை உரசுகிற மாதிரி சாம்பல் நிறத்தில் ஒன்று, சிறகை அசைக்காமல், திரும்பித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. “பூனைப்பருந்து. மலையெல்லாம் தாண்டி அவ்வளவு வடக்கேயிருந்து வருது, உங்க ஊர் வெட்டுக்கிளியைத் தின்ன” என்றார். நான் பிறந்த நாள் முதல் அது என் தலைக்கு மேலே பறந்துகொண்டிருந்திருக்கிறது. நான் பார்த்ததில்லை. அவர் தேடி வந்த கழுகின் ஆங்கிலப் பெயரில் ராஜ சம்பந்தம் ஏதோ இருந்தது. தமிழில் பெயர் தெரியவில்லை என்றார். இவ்வளவு தெற்கே அதைப் பார்த்தவர்கள் அபூர்வமாம். “பிடரி வெளிறிய மஞ்சளா இருக்கும். சாஞ்சு திரும்பும்போது தோள்ல ரெண்டு வெள்ளைத் திட்டு தெரிஞ்சா சந்தேகமே வேண்டாம்.”

பிறகு அவரே, “கிடைக்கலைன்னாலும் பரவாயில்லை. கிடைக்காம திரும்பறதுதான் இதுல பாதி” என்றார்.

“கிடைச்சிரும் சார்” என்றார் அண்ணாச்சி.

“எப்படிச் சொல்றீங்க?”

“அந்த உடைமரத்துப் பக்கம் போவோம் சார். அங்கனதான் உக்காரும்.”

உட்கார்ந்திருந்தது. தனியாக நின்ற உடைமரத்தின் உச்சிக்குச் சற்றுக் கீழே, பெரிதாக, பழுப்பாக. அதிகாரி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அவருடைய முகத்தை நான் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம் இவ்வளவு வெளிப்படையாக ஒரு மேலதிகாரியின் முகத்தில் இருக்கலாம் என்று எனக்குத் தெரியாது. “வேற இனம், ஆளிப்பருந்தாக்கூட இருக்கலாம். பிடரி தெரியலையே” என்று முணுமுணுத்துக்கொண்டே பருத்திக்குள் நாலடி வைத்தார்.

பறவை எழுந்தது. ஒரு கை உயரம் போனதும் ஏதோ அதை வெடுக்கென்று இழுத்தது. காலில் கட்டியிருந்த தங்கூசி நரம்பு, கண்ணுக்குத் தெரியாத நைலான் இழை, கிளையில் சுற்றிக்கொள்ள, அது தலைகீழாகத் தொங்கி, இரண்டு சிறகையும் விரித்து முள்ளில் அடித்துக்கொண்டது.

அதிகாரி பைனாகுலரைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினார். கரிசல் சேறு ஒரு செருப்பைப் பிடித்துக்கொண்டது. அதை விட்டுவிட்டு ஓடினார். மரத்தில் பாதி ஏறி, பேனாக்கத்தியால் நரம்பை அறுத்தார். பறவை அவர் புறங்கையைக் கிழித்துவிட்டுத் தரையில் விழுந்தது. வாயைத் திறந்துகொண்டு, சிறகைப் பரப்பிக் கொஞ்ச நேரம் கிடந்தது. நரம்பு இறுக்கிய காலில் தோல் உரிந்திருந்தது. பிறகு தாழப் பறந்து வரப்பைத் தாண்டிப் போயிற்று. அந்த வரப்புக்குப் பின்னாலிருந்து பறவை பிடிக்கிறவர் எழுந்து, “இன்னைக்குப் போதுமா சாமி?” என்றார்.

அதிகாரி கைக்குட்டையைப் புறங்கையில் சுற்றிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எங்கள் மேல் நிழல் ஒன்று கடந்தது.

முதலில் பார்த்தது அவர்தான். அந்தப் பருந்தைவிடப் பெரியது, கறுப்பு, அவசரமே இல்லாமல் வட்டமிட்டது. பைனாகுலர் என் கழுத்தில் இருந்தது. அது சாய்ந்து திரும்பியது. தோளில் இரண்டு வெள்ளைத் திட்டுகள்.

“சார், வெள்ளைத் திட்டு” என்று பைனாகுலரை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. வெறுங்கண்ணால் அண்ணாந்து பார்த்துக்கொண்டே அண்ணாச்சியிடம் கேட்டார்: “அதுவும் உங்க ஏற்பாடா?”

வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி சொன்னார்: “ஆமா சார்.”

ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. மேலதிகாரி கேள்வி கேட்டால் ஆமாம் போட்ட நாக்கு தானாகவே போட்டதோ என்னவோ. அல்லது இந்த ஒன்றாவது நல்லபடியாக வந்திருக்கிறதே, இது நம் கணக்கில் இருக்கட்டும் என்று அந்த நொடியில் தோன்றியிருக்கலாம்.

“இல்ல சார், அது தானா வந்தது” என்றேன்.

அதிகாரி என்னைப் பார்த்தார். கோபமில்லை. “உங்க ஆபீஸ்ல யார் சொல்றதை நான் எடுத்துக்கட்டும்?” என்றார்.

கழுகு இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மேற்கே மலைப் பக்கம் போயிற்று. அவர் ஒற்றைச் செருப்போடு ஜீப்புக்கு நடந்தார். அவர் பையில் சிறு குறிப்பேடு ஒன்று உண்டு. பூனைப்பருந்தைப் பார்த்ததும் அதில் எழுதினார். இப்போது அதை வெளியே எடுக்கவில்லை. பார்த்தது உண்மையா ஏற்பாடா என்று தெரியாதவர் எதை எழுதுவார்?

ஊருக்குள் நுழையும்போதுதான் பேசினார். முன்னால் பார்த்தபடியே: “உங்க பொண்ணு விஷயமா கொடுத்த மனுவைக் காலையிலேயே பரிந்துரை பண்ணித் தபால்ல சேர்த்துட்டேன். நியாயமான மனு. அதுக்காகவா இதெல்லாம்?”

டிரைவர் தேவையில்லாமல் ஹாரன் அடித்தார்.

மறுநாள் காலை அதிகாரி விடுதிச் சாப்பாட்டுக்கும், ஜீப் தமக்காக ஓடியதற்கும் பணம் கொடுத்து ரசீது கேட்டு வாங்கிக்கொண்டு போனார். முதல் பத்தியில் சொன்ன அந்த ஒரே ஒரு தடவை அதுதான். எங்கள்மேல் குற்றக் குறிப்பாணை வரும் என்று எதிர்பார்த்தோம். வரவில்லை. வந்திருந்தால் விளக்கம் எழுதியிருக்கலாம். விளக்கம் எழுதத் தெரியாதவர்கள் அங்கே யாருமில்லை. அவர் எங்களிடம் எதுவுமே கேட்காததனால் அந்த அலுவலகத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே கொஞ்ச காலம் சிரமமாக இருந்தது. பிற்காலத்தில் எத்தனையோ பேருடைய முறைகேடுகளை விசாரித்து நான் அறிக்கை எழுதியிருக்கிறேன், ஒரு வரிக்கும் கை தயங்கியதில்லை. இதை எழுதக் கூசுகிறது.

அண்ணாச்சி ‘செஞ்சிருவோம்’ என்று சொல்வதை விட்டுவிட்டார். யாராவது ஏதாவது கேட்டால், “பாப்போம்.” பியூன் ஒரு நாள் என்னிடம், “சூரியனையே சாச்ச மனுசன் வே, இப்பம் ஒரு பென்சில் கேட்டாக்கூட பாப்போங்காரு” என்றார்.

மாசி போயிற்று, பங்குனி போயிற்று. சென்னையிலிருந்து மனுவைப் பற்றித் தகவல் இல்லை. சென்னையில் ஒரு மனு தானாக நகராது. நினைவூட்டு போக வேண்டும். அதுவும் உரிய வழியாக, அதே அதிகாரியின் மேசை வழியாகத்தான் போக வேண்டும். நினைவூட்டை டைப் அடித்துக் கையெழுத்துக்கு வைத்தேன். அண்ணாச்சி திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டாம் தடவையும் வைத்தேன்.

“வேண்டாம் வே.”

“அண்ணாச்சி, அவரு நல்லபடியாத்தான் பரிந்துரை பண்ணிருக்காரு.”

“அதாம்லா வேண்டாங்கேன். எம்பேரு திரும்ப அவரு கண்ணுல படக்கூடாது.”

மே மாதம் அண்ணாச்சியின் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்தார். அதற்கு முன் அவர் அங்கே வந்ததில்லை. அண்ணாச்சி இருக்கும்போதே, அவரைப் பார்க்காமல், என்னிடம் பேசினார். “தம்பி, நீங்களாவது உங்க அண்ணாச்சிட்ட சொல்லுங்க. ஒரு வரி எழுதிப் போட்டா கையா தேஞ்சு போவும்? பிள்ளை படிச்ச நாலு வார்த்தையும் மறந்துக்கிட்டு வருது.”

அண்ணாச்சி கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை என் மேசைக்கு வந்து, நான் டைப் அடிக்கும்போது மேசைமேல் உள்ளங்கையைப் பதித்துப் பார்த்தாள். நான் நிறுத்தினால் என் முகத்தைப் பார்ப்பாள். மறுபடி அடித்தால் சிரிப்பாள். அன்று அடிப்பதற்கு வேலை எதுவும் இல்லை. ஆனாலும் அடித்துக்கொண்டே இருந்தேன். அடித்தது அந்த நினைவூட்டைத்தான், மூன்றாம் தடவையாக.

ஜூன் பிறந்து பள்ளி திறந்த பிறகுதான் அண்ணாச்சி அதில் கையெழுத்திட்டார். கையெழுத்திடும்போது எழுந்து நின்றுகொண்டார், அந்த அதிகாரி எதிரே இருப்பது போல. நினைவூட்டுக்குச் சக்தி உண்டு என்பதை நான் ஒப்புக்கொண்டாக வேண்டும். ஐந்து மாதமாக அசையாத மனுவைச் சென்னை ஒரே வாரத்தில் எடுத்துக் கோரியபடியே மாறுதல் கொடுத்தது. ஆனால் ஆணையும் உரிய வழியாகத்தான் வர வேண்டும். அனுப்புகைப் பிரிவு, திருநெல்வேலி, அங்கே பதிவு, அங்கிருந்து மறுபடி தபால். அண்ணாச்சி தினமும் தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் போய் நின்றார். பள்ளி கொடுத்த கெடு முடியும் ஜூன் கடைசி நாளன்று, தலைமையாசிரியையைப் பார்த்து இன்னும் ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள் என்று அவரைப் பாளையங்கோட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஆணை வந்துவிடும் என்று எப்படிச் சொல்வது, கையில் காகிதம் இல்லாமல் நான் சொன்னால் யார் நம்புவார்கள் என்று அண்ணாச்சி பாதி வழியில் இறங்கித் திரும்பிவிட்டார்.

ஆணையில் இருந்த தேதி ஜூன் பத்தொன்பது. அது எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது ஜூலை நான்கு.